கோலோக் ஆற்றங்கரைக்கு எது பொருந்தும்: சுவரா, கம்பி வேலியா, கரைமேடா, கேமராவா?

தாய்லாந்து எல்லையை ஒட்டிய கிளந்தான் ஊர்களான ரந்தாவ் பஞ்சாங்கிலோ தும்பாட்டிலோ கடத்தல் பொருள் பிடிபட்டதாகச் செய்தி வந்தால் போதும், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளில் ஒருவராவது சொல்லிவிடுவார்: "ஒரு சுவரை எழுப்பிவிட்டால் தொல்லை தீர்ந்ததே!" கிளந்தான் போலீசும் இந்த யோசனையைப் பல முறை முன்வைத்திருக்கிறது. யோசனை தவறில்லை, ஆனால் வரிசை தலைகீழாக இருக்கிறது. தொழிற்சாலைக்கு வேலி போட வரும் நல்ல குத்தகையாளர் முதலில் உயரத்தைக் கேட்கமாட்டார். எதைத் தடுக்க வேண்டும், எவ்வளவு நேரம் தடுக்க வேண்டும், தடுத்து நிறுத்திய பிறகு யார் வந்து பிடிப்பார் என்றுதான் கேட்பார். எல்லைக்கும் அதே மூன்று கேள்விதான்.

மலேசியா–தாய்லாந்து எல்லை ஏறத்தாழ 650 கிலோமீட்டர். அதில் சுமார் 95 கிலோமீட்டர் கோலோக் ஆறு, மற்றது நிலம். 1909-இல் பிரிட்டிஷாரும் சயாமும் செய்துகொண்ட ஒப்பந்தம் மலைப்பகுதியில் நீர்பிரி முகட்டையும் கிழக்கே கோலோக்கின் ஆழமான நீரோட்ட வழியையும் எல்லையாக்கியது. வரைபடம் வரைய வசதியான கோடு. வேலி போடுகிறவருக்கு இரண்டுமே வம்பு: முகட்டில் மண் சரியும், ஆற்றில் தண்ணீர் ஏறும்.

பெர்லிஸ், கெடா பக்கம் ஏற்கெனவே வேலியும் சுவரும் நீண்ட தூரத்துக்கு உண்டு. பாடாங் பெசாருக்கு ரயிலில் போனவர்களும், பினாங்கிலிருந்து புக்கிட் காயு ஹீத்தாம் வழியாக ஹட்யாய்க்குப் பேருந்தில் போனவர்களும் பார்த்திருப்பார்கள். தாய்லாந்து பக்கச் சுவர் சுமார் 2.5 மீட்டர் உயரம். கீழ்ப்பாதி கான்கிரீட், மேல்பாதி இரும்புக் கம்பி. நம் வேலி பல இடங்களில் எல்லைக் கோட்டுக்குச் சில மீட்டர் உள்ளே தள்ளி நிற்கிறது. பேராக்கிலும் கிளந்தானிலும் அப்படி நீண்ட தூரத்துக்கு இல்லை. ஆகவே இன்றைய விவாதம் பெரும்பாலும் அந்த 95 கிலோமீட்டரைப் பற்றியது.

வேலி தருவது நிமிடங்கள்

எந்த வேலியும் ஆளை நிறுத்தாது, தாமதப்படுத்தும். 3 மீட்டர் சுவரை இரண்டு ஏணி வைத்து அரை நிமிடத்தில் தாண்டலாம். சாதாரண சங்கிலி வலை வேலியைக் கம்பி வெட்டியால் ஒரு நிமிடத்துக்குள் திறக்கலாம். தடித்த இரும்புத் தூணை மின்கலத்தில் ஓடும் கிரைண்டரால் சில நிமிடங்களில் அறுக்கலாம். அமெரிக்கா–மெக்சிகோ எல்லையில் 2010 முதல் 2015 வரையிலான நிதியாண்டுகளில் மட்டும் கால்நடையாக வருவோரைத் தடுக்கும் வேலியில் 9,287 உடைப்புகள் பதிவாயின. ஒவ்வொன்றையும் சரிசெய்யச் சராசரியாக 784 டாலர் ஆனது. அது உலகின் பலமான வேலிகளில் ஒன்று.

இந்த நிமிடங்களின் மதிப்பை ஆள் கணக்கில் பார்க்கலாம். ரோந்து வண்டி செம்மண் பாதையில் மணிக்கு 40 கிலோமீட்டர் போகும் என்று வைத்துக்கொள்வோம். தடுப்பு 10 நிமிடம் தாமதம் தந்தால், ஒரு காவல் நிலையம் இருபுறமும் ஆறரை கிலோமீட்டருக்கு மேல் பார்த்துக்கொள்ளும். 95 கிலோமீட்டருக்கு 8 நிலையம் போதும். தாமதம் 3 நிமிடம் என்றால் 24 நிலையம் வேண்டும். ஒரே நிமிடம் என்றால் 72. நான்கு பேர் கொண்ட அணி, மாற்றுமுறை, விடுப்பு, பயிற்சி எல்லாம் சேர்த்து நிலையத்துக்கு 20 பேர் என்று பிடித்தால் முறையே 160, 480, 1,440 பேர்.

இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. ஆள் வேலியைத் தொடும் கணத்திலேயே நமக்குத் தெரிய வேண்டும். தாண்டி முடித்த பிறகு தெரிந்தால் 10 நிமிட வேலியும் பூஜ்ய நிமிட வேலிதான். பல நாடுகள் கோடிக்கணக்கில் செலவழித்துக் கோட்டைவிட்டது இங்கேதான்: இரும்பை முதலில் வாங்கினார்கள், கண்ணை அடுத்த பட்ஜெட்டுக்குத் தள்ளினார்கள்.

கான்கிரீட் சுவர்

3 மீட்டர் உயரம், 150 மில்லிமீட்டர் கனம், கீழே 1.2 மீட்டர் அகலமும் 300 மில்லிமீட்டர் கனமும் கொண்ட அடித்தளம். இப்படிப் போட்டால் மீட்டருக்கு 0.81 கன மீட்டர் கான்கிரீட். கிலோமீட்டருக்கு 810 கன மீட்டர், அதாவது 6 கன மீட்டர் கலவை லோரியில் 135 நடை. 95 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12,800 நடை. அந்த லோரிகள் ஆற்றங்கரைக்குப் போக முதலில் பாதை போட வேண்டும். அந்தப் பாதை ஒன்றே ரோந்துக்குப் பாதி வேலையை முடித்துவிடும் என்பது தனிக்கதை.

சுவரின் பெரிய குறை வேறு. அப்பால் நடப்பது காவலருக்குத் தெரியாது. படகு ஒதுங்குவதும் ஏணி சாத்துவதும் தலை சுவருக்கு மேலே தெரியும்வரை மறைவாகவே நடக்கும். அமெரிக்கர்கள் தட்டையான சுவரை விட்டு இடைவெளி உள்ள இரும்புத் தூண்களுக்குப் போன காரணங்களில் இதுவும் ஒன்று.

அடுத்தது தண்ணீர். வடகிழக்குப் பருவமழையில், நவம்பர் முதல் ஜனவரி வரை, கோலோக் பொங்குவது ஆண்டுதோறும் நடக்கிற சமாச்சாரம். ரந்தாவ் பஞ்சாங்கில் அபாய அளவு 9 மீட்டர், அதைத் தாண்டுவது அபூர்வமில்லை. சுவரின் ஒரு பக்கம் 2 மீட்டர் தண்ணீர் நின்றால் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் சுமார் 2 டன் தள்ளுவிசை. தண்ணீர் 3 மீட்டரானால் அது நாலரை டன். ஒன்றரை மடங்கு ஆழத்துக்கு இரண்டேகால் மடங்கு விசை. மேலே சொன்ன மெல்லிய சுவரை இதற்காக வடிவமைக்கவில்லை, சாயும். தாங்கும்படி கட்டினால் அது வெள்ளத் தடுப்புச் சுவர். கனம், கம்பி, அடித்தளம் எல்லாமே வேறு, விலையும் வேறு.

அப்படித் தாங்கினாலும் தண்ணீர் எங்கேயாவது போயாக வேண்டும். 2008 ஜூலையில் மெக்சிகோவின் நொகாலெஸ் நகரில் நடந்ததைப் பார்க்கலாம்: எல்லைக்கு அடியில் ஓடும் மழைநீர்ச் சுரங்கத்தில் ஆள் நுழையாமலிருக்க அமெரிக்கத் தரப்பு கான்கிரீட் தடுப்பு வைத்திருந்தது. பெருமழையில் தண்ணீர் தேங்கி நகருக்குள் புகுந்து இருவர் இறந்தார்கள். 2011-இல் அரிசோனாவின் ஆர்கன் பைப் பூங்காவில் சுமார் 12 மீட்டர் நீளத்துக்கு வேலியையே வெள்ளம் அடித்துப்போனது. வலை வேலி தண்ணீரை விட்டுவிடும் என்பது வறண்ட நாளின் நம்பிக்கை. வெள்ளத்தில் வரும் செத்தையும் கிளையும் அரை மணி நேரத்தில் வலையை அடைத்துவிடும். அதற்கப்புறம் அதுவும் சுவர்தான்.

கம்பி வேலி

சமவெளியில், அதாவது பெர்லிஸ், கெடா பக்கம், இதுதான் எங்கள் முதல் தேர்வு. ஆனால் எந்தக் கம்பி வேலி என்பதில் எல்லாம் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கும் குளத்துக்கும் போடும் பிஆர்சி வலையும் சங்கிலி வலையும் எல்லைக்கு ஆகாது. கால் வைத்து ஏறலாம். 358 என்று வழங்கும் நெருக்க வலையில் கண் 76 மில்லிமீட்டர் நீளம், 12.7 மில்லிமீட்டர் உயரம், கம்பி 4 மில்லிமீட்டர். விரல் நுழையாது, சாதாரண கம்பி வெட்டியின் வாயும் நுழையாது. உள்ளே பார்க்கலாம், கேமராவும் பார்க்கும்.

3 மீட்டருக்கு ஒரு தூண் வைத்தால் கிலோமீட்டருக்கு 334 தூண். ஒவ்வொன்றுக்கும் 400 மில்லிமீட்டர் சதுரத்தில் 900 மில்லிமீட்டர் ஆழக் குழி, 0.144 கன மீட்டர் கான்கிரீட். கிலோமீட்டருக்கு 48 கன மீட்டர், 8 லோரி. சுவரின் 135 லோரியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். பலகத்தைப் பூட்டும் போல்ட்டின் தலை வெளிப்பக்கம் இருந்தால் ஸ்பேனரால் கழற்றி, ஆளை விட்டு, மறுபடி மாட்டிவிடுவார்கள். மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாது. உள்பக்கம் வைத்து, முறுக்கினால் தலை ஒடிந்துவிடும் நட்டுப் போட வேண்டும். மேடுபள்ளத்தில் பலகங்களைப் படிப்படியாக இறக்கும்போது அடியில் முக்கோண இடைவெளி விழும். அதை மூட, தரைக்குள் 300 மில்லிமீட்டர் இறங்கும் கான்கிரீட் விளிம்பு தேவை. விலைப்பட்டியலில் முதலில் வெட்டுப்படுவதும் அதுதான். வலை முழுவதையும் முடைந்த பிறகு துத்தநாகத்தில் முக்கியெடுத்திருக்க வேண்டும். களத்தில் வெல்டிங் வைத்தால் பூச்சு எரிந்து அந்த இடத்தில்தான் முதல் துரு. கொடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: நம் மழைக்கும் வெயிலுக்கும் ஒரு பருவத்தில் வேலியை மூடிவிடும். மூடிய வேலி காற்றைத் தாங்காது, கேமராவுக்குக் குருடு, ஏறுகிறவனுக்கு ஏணி. இருபுறமும் குறைந்தது 3 மீட்டர் வெட்டவெளி இல்லாத வேலிக்கு ஒரு நாளும் சம்மதிக்கக் கூடாது.

ஆனால் இதே வேலியை ஆற்றங்கரையில் வைத்தால், வீடுகளை எந்தப் பக்கம் விடுவது? இந்தியா இந்தச் சிக்கலில் பல்லாண்டாக உழல்கிறது. வங்காளதேசத்துடன் அதற்கு 4,096 கிலோமீட்டர் எல்லை. கோட்டிலிருந்து 150 கஜத்துக்குள், அதாவது 137 மீட்டருக்குள், தற்காப்புக் கட்டுமானம் கூடாது என்று 1975-இல் இரு நாடுகளும் ஒப்புக்கொண்டன. வேலி உள்ளே தள்ளிப் போனது. வயல்களும் ஊர்களும் வெளியே மாட்டிக்கொண்டன. கதவு திறக்கும் நேரத்துக்குள் உழவர் போய்த் திரும்ப வேண்டும். கோலோக் கரையில் தாய்லாந்துப் பக்கம் உறவுக்காரர்கள் இல்லாத குடும்பம் குறைவு. 2024 டிசம்பர் 1 முதல் அதிகாரபூர்வமற்ற படகுத்துறைகள் வழியாகக் கடப்போர் மீது போலீஸ் நடவடிக்கை எடுக்கத் தொடங்கியபோதே முணுமுணுப்பு பலமாக இருந்தது. வேலிக்குக் கதவு எத்தனை, எத்தனை மணிக்குத் திறக்கும் என்பதை வரைபடத்திலேயே தீர்க்காவிட்டால் ஊர்க்காரர்களே ஓட்டை போட்டுத் தருவார்கள்.

கரைமேடும் அதன்மேல் ரோந்துப் பாதையும்

கோலோக்கின் ஊர்ப்பகுதிகளுக்கு, குறிப்பாக ரந்தாவ் பஞ்சாங் சுற்றுவட்டாரத்துக்கு, எங்கள் வாக்கு இதற்கே. வெள்ளத் தடுப்புக்கு எப்படியும் கரை உயர்த்த வேண்டியிருக்கிறது. அதன்மேல் 4 மீட்டர் அகலப் பாதை வைத்தால் பருவமழையிலும் ரோந்து வண்டி ஓடும், உயரத்திலிருந்து ஆற்றின் இரு கரையும் தெரியும். ஒரு செலவில் இரண்டு வேலை; பட்ஜெட் கேட்கும்போதும் இரண்டு துறைகள் பங்குபோட்டுக்கொள்ளலாம்.

எளிதான வேலை என்று நினைத்துவிட வேண்டாம். மேலே 4 மீட்டர், உயரம் 3 மீட்டர், இருபுறமும் ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் விரியும் சரிவு என்றால் அடி அகலம் 16 மீட்டர். கிலோமீட்டருக்கு 30,000 கன மீட்டர் மண், 10 கன மீட்டர் லோரியில் 3,000 நடை. 16 மீட்டர் அகலத்துக்கு நிலம் எடுக்க வேண்டும். 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி அளவை, விசாரணை, இழப்பீடு எல்லாம் முடியவே காலம் பிடிக்கும். இடமே இல்லாத கடைத்தெருப் பகுதிகளில் மட்டும் வெள்ளத்தைத் தாங்கும் கான்கிரீட் சுவர் வைக்கலாம். சுவருக்கு நியாயமான இடம் அந்தச் சில நூறு மீட்டர்கள்தான்.

இரண்டு இடத்தில் கரைமேடு காலை வாரும். ஒன்று, உள்ளே பெய்த மழை. ஆற்றுக்கு வடிந்துகொண்டிருந்த ஓடைகளை மேடு மறித்துவிடும். ஒவ்வொரு ஓடைக்கும் ஆற்றுப் பக்கம் தானாக மூடிக்கொள்ளும் மடிப்புக் கதவும், ஆறு உயர்ந்திருக்கும் நாள்களுக்கு நீரேற்று நிலையமும் வேண்டும். கதவிடுக்கில் ஒரு மரக்கட்டை சிக்கினால் ஆறு அதன் வழியே ஊருக்குள் வரும். இரண்டு, எதிர்க்கரை. ஒரு பக்கம் மட்டும் கரையை உயர்த்தினால் தண்ணீர் மறுபக்கம் ஏறும். தாய்லாந்துடன் அளவைப் பேசி முடிக்காமல் இதைத் தொடங்கவே முடியாது. பாதுகாப்புச் சுவர் என்றால் இழுத்தடிக்கக்கூடிய அண்டை நாடு, இருவருக்கும் பொதுவான வெள்ளத் திட்டம் என்றால் மேசைக்கு வரும் என்பது இந்தத் தேர்வின் மறைமுக லாபம்.

கேமரா, உணரி (சென்சார்), டிரோன்

மின்னணு வேலியை மலிவான வழி என்று விற்பார்கள். ஆறு வளைந்து வளைந்து போவதால் ஒரு கோபுரத்துக்கு இருபுறமும் 500 மீட்டர் தெளிவாகத் தெரிந்தாலே அதிர்ஷ்டம். அப்படியானால் 95 கோபுரம். கேமராவும் ரேடியோவும் 100 வாட் எடுத்தால் நாளுக்கு 2.4 யூனிட். மூன்று நாள் மழை மூடலுக்குத் தாக்குப்பிடிக்க 9 யூனிட் மின்கலமும், பருவமழை வெளிச்சத்துக்கு ஒரு கிலோவாட்டுக்கு மேல் சூரியத் தகடும் வேண்டும். மின்னல் அதிகம் விழும் நாடு நம்முடையது. நிலத்தொடர்பும் மின்னல் காப்பும் சரியில்லாத கோபுரம் முதல் ஆண்டிலேயே கருகும். மின்கலமும் தாமிரக் கம்பியும் திருடுபோவது வேறு.

பொய் எச்சரிக்கைதான் உண்மையான எதிரி. குரங்கு, மாடு, காற்றில் ஆடும் வாழை என்று கோபுரத்துக்கு ஓர் இரவில் இரண்டே இரண்டு பொய் எச்சரிக்கை வந்தாலும் மொத்தம் 190. பன்னிரண்டு மணி நேர இரவில் நாலு நிமிடத்துக்கு ஒன்று. இரண்டாம் வாரத்தில் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் ஒலியைக் குறைத்துவிடுவார். அமெரிக்காவின் எஸ்பிஐநெட் என்ற மின்னணு எல்லைக் கண்காணிப்புத் திட்டம் சுமார் 100 கோடி டாலர் செலவில் அரிசோனாவில் 53 மைல் மட்டுமே முடித்து 2011 ஜனவரியில் கைவிடப்பட்டது. இந்தியா இதை அளவோடு செய்தது: வேலி போட முடியாத அசாமின் துப்ரி பகுதியில், பிரம்மபுத்ரா பாயும் 61 கிலோமீட்டருக்கு 2019 மார்ச்சில் உணரி அமைப்பைத் தொடங்கியது. ஆறு எல்லையாக இருக்கும் நமக்கு அமெரிக்கப் பாலைவனத்தைவிட துப்ரிதான் நெருக்கமான பாடம்.

கண்ணை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இஸ்ரேலின் காசா எல்லை போதும். 2021 டிசம்பரில் முடிந்த 65 கிலோமீட்டர் தடுப்பு, தரைக்கு மேல் 6 மீட்டர் இரும்பு, தரைக்கு அடியிலும் தடுப்பு, உணரிகள். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் படையினர் டிரோன்களால் கண்காணிப்புக் கோபுரங்களை முடக்கிவிட்டு, வெடிவைத்தும் புல்டோசர் கொண்டும் பல இடங்களில் திறந்தார்கள். கருவி அணைந்த பிறகு அருகில் போதிய ஆள் இல்லை.

எகிப்து எல்லையில் அதே இஸ்ரேலுக்கு வேலி நன்றாகவே பலித்தது. 2011-இல் 17 ஆயிரம் பேர்வரை அனுமதியின்றி நுழைந்த இடத்தில், சுமார் 240 கிலோமீட்டர் வேலி முடிந்துவந்த 2013-இல் வரத்து அநேகமாக நின்றேபோனது. வேலியை மட்டும் புகழ்வதற்கில்லை. பாலைவனத்தில் பல கிலோமீட்டர் தூரத்திலேயே ஆள் தெரியும், பக்கத்திலேயே ராணுவப் பாதை, நுழைந்தவரை நீண்ட காலம் அடைத்துவைக்கும் சட்டம் 2012-இல் வந்துவிட்டது. ஊரும் தோட்டமும் ஒட்டியிருக்கும் கோலோக்கில் இதில் எதுவும் இல்லை.

அடைத்தால் எங்கே போகும்?

2015 செப்டம்பரில் ஹங்கேரி செர்பிய எல்லையை அடைத்தது. கூட்டம் குரோவேஷியா வழியாகத் திரும்பியது. அக்டோபரில் அதையும் அடைத்தார்கள், ஸ்லோவேனியா வழியாகப் போனது. நமக்கு வெளிநாட்டு உதாரணமே வேண்டாம். அதே ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் தாய்லாந்து தன் பக்கத்து ஆட்கடத்தல் முகாம்களைக் கலைத்ததும், கடத்தல்காரர்கள் படகுகளைக் கடலிலேயே விட்டுப் போனார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் லங்காவியில் கரையேறினார்கள். அதே மாதம்தான் பெர்லிஸின் வாங் கெலியான் குன்றுகளில் 28 முகாம்களும் 139 புதைகுழிகளும் வெளிச்சத்துக்கு வந்தன. பல வேலைகளுக்கு ஆள் வைத்து நடத்திய முகாம்கள் அவை. கண்டும் காணாமல் விடுகிற ஆள் உள்ளே இருக்கும்வரை எந்த வேலியும் அவற்றைத் தடுத்திருக்காது. கோலோக்கை இறுக்கினால் அடுத்து ஜெலி மலைகளும் தும்பாட், பாச்சோக் கடற்கரையும்தான். கடல் பக்கத்துக்குப் படகும் எரிபொருளும் ஒதுக்காத சுவர்த் திட்டம் பாதித் திட்டம்.

மலைப்பகுதிக்கு வேலி வேண்டாம் என்பதில் எங்களுக்குள் இரண்டு கருத்து இல்லை. ராயல் பெலும் காட்டு யானைக்கு எல்லை தெரியாது. மரத்தைச் சாய்த்து வேலியை மிதித்துப் போகும். அங்கே பாதைகளில் மறைகேமராவும் நடை ரோந்தும் போதும்.

சுவரே இல்லாத ஒரு தேர்வும் உண்டு: விலை. மானியத்தால் இங்கே மலிவாக இருப்பதால்தான் டீசலை அப்பால் கடத்துகிறார்கள். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. ஆயிரம் லிட்டர் ரகசியத் தொட்டி கொண்ட லோரிக்கு ஒரு நடையில் 1,200 ரிங்கிட் லாபம் அன்றே போனது. எந்த வேலியும் ஒரே இரவில், 95 கிலோமீட்டருக்கும் சேர்த்து, இப்படிச் செய்ததில்லை. 2.50 ரிங்கிட் மானியச் சமையல் எண்ணெய்ப் பொட்டலத்துக்கும் இதே தர்க்கம் பொருந்தும். போதை மாத்திரைக்குப் பொருந்தாது. அதன் விலையை நாம் வைப்பதில்லை. அதற்கு ஆள், நாய், உளவுத் தகவல், பெரிய வாயில்களில் ஸ்கேனர். 2025-இல் செயல்படத் தொடங்கிய எல்லைக் கட்டுப்பாட்டு, பாதுகாப்பு நிறுவனத்தின் வேலை வாயில்களில்தான். வாயிலுக்கும் வாயிலுக்கும் இடையே இருப்பது போலீசின் பொது நடவடிக்கைப் படையும் ராணுவமும். இன்னொன்று: அனுமதியில்லாமல் இங்கே வேலை செய்வோரில் கணிசமானோர் விமான நிலையத்தில் முத்திரை வாங்கி வந்து காலம் கடந்து தங்கியவர்கள். அவர்களை மனதில் வைத்து கோலோக்கில் சுவர் கேட்பதில் பயனில்லை.

ஆக, பணம் எங்களிடம் இருந்தால் போகும் வரிசை இது. பெர்லிஸ், கெடாவில் இருக்கிற வேலியின் ஓட்டைகளை அடைத்து, நெருக்க வலைக்கு மாற்றி, உள்பக்கம் பாதை. ரந்தாவ் பஞ்சாங் சுற்றுவட்டாரத்தில் கரைமேடு, நெருக்கடியான இடத்தில் மட்டும் சுவர். மற்ற ஆற்றுப்பகுதியில் பாதையை முதலில் போட்டு, தகவல் அதிகம் வரும் வளைவுகளில் 20 கோபுரத்தோடு தொடங்கி, ஒரு பருவமழை முழுக்கச் சோதித்துவிட்டு மீதியை முடிவு செய்வது. மானிய விலை வேறுபாட்டைக் குறைப்பது இவை எல்லாவற்றுக்கும் முன்னால்.

குத்தகைப் பத்திரத்தில் சேர்க்க மறந்துபோகும் வரிகள் சில உண்டு. கட்டும் செலவுக்கு நிகராகப் பராமரிப்புக்குத் தனி ஒதுக்கீடு, அதை வேறு எதற்கும் எடுக்க முடியாதபடி. உடைந்த பலகத்தை 24 மணி நேரத்தில் மாற்ற நூற்றுக்கு ஐந்து உபரிப் பலகம் அருகிலேயே இருப்பு. ஆறு வாரத்துக்கு ஒரு முறை புல், கொடி வெட்டு. பொய் எச்சரிக்கை இரவுக்கு இத்தனைக்கு மேல் போனால் விற்றவருக்குப் பணம் நிறுத்தம். மடிப்புக் கதவு ஒவ்வொன்றையும் அக்டோபர் முடிவதற்குள் கையால் திறந்து மூடிப் பார்த்து, சிக்கிய கட்டைகளை எடுத்துவிட்டு, வடிகால் நீர்ப்பாசனத் துறையும் போலீசும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும்.